எல்லாவற்றுக்கும் ஆங்

திருத்தணி,
8-1-2025

அக்காவுக்கு,

நைனா கேள்வி முடிவதற்குள்ளேயே ஆங் என்று சொல்லிவிடுகிறார். முதலில் என் கண்ணில் பட்டது அதுதான். "நைனா, கஞ்சி..." என்று தொடங்கினாலே ஆங். கஞ்சி சுடுகிறது என்று சொல்ல வந்தேனா, ஆறிவிட்டது என்று சொல்ல வந்தேனா என்று காத்திருப்பதில்லை. வாதம் வந்து வலது பக்கம் விழுந்ததிலிருந்து அவருக்குத் தெளிவாக வருகிற ஒரே சொல் அது. மற்றதெல்லாம் வாய்க்குள்ளேயே குழைந்துபோகிறது.

பொங்கலுக்கு வந்து நைனாவைப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தாய். அம்மாவிடம் நேரே கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீ எழுதிய தாளை அவள் கண்ணில் படும்படி அடுப்பு மேடையில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். இறங்கி வந்தபோது அவள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நைனாவின் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"இன்னாங்க, உங்க பெரிய பொண்ணு பொங்கலுக்கு வர்றாளாம். வேணாந்தானே?"

"ஆங்."

"கேட்டுகினியாடி? நான் ஒண்ணும் சொல்லல. உங்க நைனாவே அவரு வாயால சொல்லிட்டாரு. எங்க அண்ணன் மவன வேணாம்னு தூக்கிப் போட்டுட்டுப் போனவ, எந்த மூஞ்சிய வெச்சிகினு வருவா?"

நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன். என் மேல் கோபப்படாதே.

மாடியில் உன் ஆராய்ச்சிப் பெட்டி அப்படியே இருக்கிறது. காலையில் பனிமூட்டம், மலையே தெரியவில்லை. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. மத்தியானம் பச்சை. சாயங்காலம் யாரோ கரும்புச் சோகையைக் கொளுத்தினார்கள். புகை நம் வீட்டுக்கும் மலைக்கும் நடுவில் வந்து நின்றது, பச்சை விட்டு விட்டு எரிந்தது. எல்லாவற்றையும் நீ சொன்னபடி குறித்திருக்கிறேன். மெமரி கார்டை இந்தக் கடிதத்தோடு ஹேமநாதன் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் கல்லூரியிலிருந்து லென்ஸ் துடைக்க வருகிறவர் அம்மாவுக்குப் பயந்து வாசலிலேயே ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

யுவஸ்ரீ


சென்னை,
22-1-2025

யுவஸ்ரீ,

சரி. வரவில்லை.

பொங்கல் விடுமுறைக்கு விடுதியில் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். மெஸ் இல்லை. லேபில் உட்கார்ந்து உன் கார்டைப் படித்துக்கொண்டிருந்தேன். நான்கு வருடப் பழக்கம், புதிதாக ஒன்றும் இல்லை.

கார்டில் ஒரு பிரச்சினை. பனி இல்லாத நாட்களில் காலை நேரப் பதிவு முழுக்க ஒன்று, ஒன்று, ஒன்று என்றே இருக்கிறது.

இது என்ன என்று நீ கேட்க மாட்டாய், அதனால் நானே சொல்கிறேன். மலைப்பாதை விடுதியின் மாடியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத லேசர் வெளிச்சம் நம் மாடிக்கு வருகிறது. வெளிச்சம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சைபர். அதில்தான் செய்தி. நடுவில் இருப்பது வெறும் காற்று. பாறைச் சூட்டில் அது கானல் மாதிரி நெளியும். புகை வரும், பனி வரும். அப்போது செய்தியில் ஒரு கொத்து அப்படியே காணாமல் போகும். 'சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தரம் சொல்' என்று மலைக்குத் திருப்பிச் சொல்ல நம் பெட்டிக்கு வழி கிடையாது. அதனால் அனுப்பும்போதே கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்து அனுப்புகிறோம், போனதைக் கண்டுபிடிக்க உதவும்படி. பக்கத்துப் பக்கத்து எழுத்துகளைச் சேர்த்தும் அனுப்புவதில்லை. கலைத்து, தள்ளித் தள்ளி அனுப்புகிறோம். புகை ஒரு கொத்தை விழுங்கினாலும், திரும்ப அடுக்கிப் பார்த்தால் ஒவ்வொரு சொல்லிலும் ஓரெழுத்துதான் போயிருக்கும். ஓரெழுத்து போனால் சரி செய்துவிடலாம். எப்படிக் கலைப்பது, எவ்வளவு கூடுதலாகச் சேர்ப்பது, இதுதான் என் ஆராய்ச்சி. சொன்னால் இவ்வளவுதான். இதற்கு நான்கு வருடம்.

காலையில் நடந்தது வேறு. மலைக்குப் பின்னாலிருந்து ஏறும் சூரியன் நேராகப் பெட்டியின் வெளிச்சம் வாங்கும் குழாய்க்குள் விழுகிறது. அவ்வளவு வெளிச்சத்தில் பெட்டிக்குக் கண் கூசிப்போய், வந்தாலும் வராவிட்டாலும் 'ஒன்று' என்றே சொல்கிறது. ஹேமநாதன் பார்த்துவிட்டு, "மேடம், சிக்னல் பிரமாதம்" என்றார். பாதி சரியாகவும் இருந்தது. அனுப்பியதில் பாதி ஒன்றுதானே. நானும் ஒரு நாள் முழுக்க ஏமாந்தேன்.

ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் இரண்டு பெட்டிக்கும் முன்பே தெரிந்த ஒரு சின்ன வரிசையை அனுப்புவோம். அதைப் பார்த்தேன். அதுவும் ஒன்று ஒன்றாக வந்திருந்தது. தெரிந்த கேள்விக்கே தப்பாகப் பதில் சொன்னால், தெரியாத கேள்விக்குச் சொன்னதை எப்படி எடுத்துக்கொள்வது? காலைப் பதிவு அத்தனையும் தள்ளிவிட்டேன்.

குழாய்க்கு மேலே தகரத்திலோ பைப்பிலோ ஒரு மறைப்பு வைக்க முடியுமா பார்.

நைனாவுக்கு மாத்திரை நேரத்துக்குக் கொடு.

மோகனப்ரியா


திருத்தணி,
29-1-2025

அக்காவுக்கு,

மறைப்பு வைத்துவிட்டேன். பழைய பெயிண்டு டப்பாவின் அடியை வெட்டிக் கம்பியால் கட்டினேன். கை கிழிந்தது, பரவாயில்லை. இப்போது காலையிலும் விளக்கு ஒழுங்காக எரிகிறது.

நீ எழுதியதைப் படித்துவிட்டு ஒரு காரியம் செய்தேன். நைனாவுக்கு இட்லி ஊட்டும்போது கேட்டேன்.

"நைனா, உன் பேரு ஆறுமுகமா?"

"ஆங்."

"நைனா, உன் பேரு ஹேமநாதனா?"

"ஆங்."

"நான் உனக்கு மாமியாரா?"

"ஆங்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் வாயைக் கோணிக்கொண்டு சிரித்தார். "இன்னாடி அங்க, பைத்தியமாட்டம் சிரிச்சிகினு?" என்று அம்மா உள்ளே இருந்து கத்தினாள். பிறகு அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. சிரிப்பில் வந்ததா என்று தெரியவில்லை. அதன் பிறகு இட்லி வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டார்.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் சந்தோஷமாகத்தான் போகிறார்கள். "தேவலையாண்ணா?" ஆங். "பேச்சு நல்லா வந்துட்சே!" ஆங். போன வாரம் எல்லம்மாள் அத்தை வந்து, "அண்ணா, உங்க மோட்டார் தண்ணிய எங்க கொல்லிக்கு ஒரு நாள் திருப்பிக்கட்டுமா?" என்று கேட்டாள். ஆங். மறுநாள் அவள் நிலத்தில் நிலக்கடலைக்கு நம் தண்ணீர் பாய்ந்தது. அம்மா வரப்பிலேயே நின்று சண்டை போட்டாள்.

"அவருகிட்ட போயி கேட்டியாமே! அவருக்கு இன்னா தெரியும்? எதக் கேட்டாலும் ஆங்னுதான் சொல்லுவாரு. அதுக்குன்னு வாய்க்கால வெட்டிக்குவியா?"

நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அக்கா, நீ வர வேண்டாம் என்று நைனா சொல்லவில்லை.

யுவஸ்ரீ


சென்னை,
5-2-2025

யுவஸ்ரீ,

நைனாவை வைத்துச் சோதனை செய்யாதே. அவர் பெட்டி இல்லை. மாமியாரா என்று கேட்டாயே, அவருக்குப் புரிந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தாயா? அந்தக் கண்ணீரைப் படித்த பிறகு எனக்கு வேலை ஓடவில்லை.

இன்னொன்று. 'வர வேண்டாம்' என்று அவர் சொல்லவில்லை, சரி. 'வரட்டும்' என்றும் சொல்லவில்லை. அந்த இடம் காலி, அவ்வளவுதான். உனக்குப் பிடித்த பதிலை நீ அதில் போட்டுக்கொள்ளாதே. அம்மா செய்ததும் அதுதான்.

காலி என்று தெரிவது நல்லது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் கணக்கில் தப்பாக வந்த எழுத்தைச் சரி செய்வதற்கு ஆகும் செலவில் பாதிதான், காணாமல் போனது என்று தெரிந்த எழுத்துக்கு. எது தப்பு என்று தேட வேண்டாமே.

ஆனால் அந்தக் காலி இடத்தில் என்ன இருந்தது என்று தேட எனக்கு விருப்பம் இல்லை. உண்மையைச் சொல்கிறேன். அம்மா கேட்ட விதம் தப்பு என்று வைத்துக்கொண்டால் அம்மாவைத் திட்டிவிட்டுத் தூங்க முடிகிறது. சரியாகக் கேட்டு, அவரே வேண்டாம் என்றால்? அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மாமா மகன் சுதாகர் பாவாவைக் கட்டிக்கொள்ள மாட்டேன், மேலே படிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தபோது அம்மாதான் கத்தினாள். அவர் முற்றத்தில் உட்கார்ந்து மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே இருந்தார். அந்தப் பெட்டி என்னுடையது என்று தெரிந்திருந்தால் மாடி ஏற விட்டிருப்பாரா என்பதே எனக்குத் தெரியாது. கல்லூரிப் பெட்டி என்று சொல்லித்தான் ஹேமநாதனை அனுப்பினேன்.

மார்ச் முதல் வாரத்தில் பெட்டியைக் கழற்றிவிடுவார்கள். என் கைடு இதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்கிறார். அதுவரை குறிப்புகளை மட்டும் அனுப்பு. போதும்.

மோகனப்ரியா


திருத்தணி,
19-2-2025

அக்காவுக்கு,

உன் கடிதத்துக்குப் போன வாரமே பதில் எழுதினேன். கிழித்துவிட்டேன். கோபமாக இருந்தது.

நீ பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். மிச்சத்தை நான் சொல்கிறேன். நான் பத்தாவது பாஸானதும், "ஒருத்திய படிக்க வெச்சதே போதும்" என்று அம்மா டி.சி. வாங்கி வந்துவிட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு எப்போதும் சொல்ல வராது. நீ மெஸ் இல்லை என்று எழுதுகிறாய். இங்கே நைனாவைத் தூக்கி உட்கார வைத்து, துடைத்து, துணி அலசி, அம்மாவோடு கொல்லிக்குப் போய்விட்டு வந்து உன் விளக்கு பச்சையா சிவப்பா என்று குறிக்கிறேன். இதை ஒரு தரம் எழுதிவிட்டேன். இனி எழுத மாட்டேன்.

பெட்டி யாருடையது என்று நைனாவுக்குத் தெரியும். வாதம் வருவதற்கு முன்னால், ஹேமநாதன் அண்ணன் முதல் நாள் வந்தபோது நான்தான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நைனா, "யாரு பொட்டினு நான் கேக்கல. நீயும் சொல்லாத. மாடியில எந்தப் பக்கம் வேணும், பாத்துக்க" என்றார். உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

இப்போது கை விஷயம். போன மாதம் அவருக்கு நகம் வெட்டும்போது இடது கையால் என் விரலைப் பிடித்து அமுக்கினார். வலிக்கிறதா என்று கேட்டேன். வாய் ஆங் என்றது, கை சும்மா இருந்தது. அடுத்த விரலில் கொஞ்சம் சதையோடு வெட்டிவிட்டேன். மறுபடி கேட்டேன். கை அமுக்கியது.

நீ சோதனை செய்யாதே என்றாய். முதலில் அவரிடமே கேட்டேன். "நைனா, உன் கையில கேக்கட்டுமா? சரின்னா அமுக்கு, இல்லன்னா விட்டுடு." அமுக்கினார். பேர் ஆறுமுகமா என்றால் அமுக்குகிறார். ஹேமநாதனா என்றால் விட்டுவிடுகிறார். காலையில் எல்லாம் சரியாக வருகிறது. சாயங்காலம் சோர்ந்துவிட்டால் எதைக் கேட்டாலும் அமுக்குகிறார், இல்லையென்றால் எதற்கும் அமுக்குவதில்லை. உன் புகை மாதிரிதான், தப்பெல்லாம் ஒரே கொத்தாக வருகிறது. அதனால் ஒரே நேரத்தில் கேட்காமல் தள்ளித் தள்ளிக் கேட்டேன். தண்ணீர் கொடுக்கும்போது ஒன்று, துணி மாற்றும்போது ஒன்று, டிவியில் செய்தி ஓடும்போது ஒன்று. தெரிந்த கேள்விகளுக்கு நடுவே உன் கேள்வியையும் கலந்து வைத்தேன்.

அக்கா வரட்டுமா என்றால் பெரும்பாலும் அமுக்கினார். ஒரு தரம் அமுக்கவில்லை. சில தரம் தூங்கிவிட்டார், அதைக் காலி என்றே வைத்திருக்கிறேன். அக்கா வர வேண்டாமா என்றால் பெரும்பாலும் விட்டுவிட்டார். ஒரு தரம் அமுக்கினார், அது சாயங்காலம்.

எனக்குப் பிடித்ததைப் போட்டு நிரப்பவில்லை. வந்தது இதுதான்.

அம்மா பார்த்துவிட்டாள். "இன்னாடி, ரெண்டு நாளா கையப் புடிச்சிகினு ஜோசியமா பாக்குற?" என்றாள். நான் முதல் தடவையாகச் சொன்னேன், அக்கா வரலாமாம் என்று. "நீயே அமுக்கிக்கினு நீயே சொல்லிக்கிறியா? ஊமையாட்டம் இருந்துகினு நல்லா கத்துகினடி." அவர் அமுக்கியது என் கைக்குத்தானே தெரியும்.

யுவஸ்ரீ


சென்னை,
26-2-2025

யுவா,

டி.சி. வாங்கியது எனக்குத் தெரியாது. நீயே படிப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டாய் என்று அம்மா மாமாவிடம் சொல்லி, மாமா ஊரெல்லாம் சொல்லி, அது எனக்கும் வந்து சேர்ந்தது. நம்பிவிட்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பெட்டியைப் பற்றி நைனா சொன்னதாக நீ எழுதிய அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஹேமநாதனிடம் கேட்டேன். "சொல்லாதன்னு சொன்னாரு மேடம், அதான் சொல்லல" என்றார்.

நீ அனுப்பியதை லேசர் வெளிச்சம் என்று எண்ணிக்கொண்டால் கணக்குப் போட்டு, வரட்டும் என்றுதான் சொல்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். ஆனாலும் என்னால் கிளம்ப முடியவில்லை. அது அம்மாவின் வீடும்தான். அவள் நம்பாமல் நான் வாசலில் வந்து நின்றால், நைனா கட்டிலைச் சுற்றி மறுபடி கத்தல்தான் இருக்கும். அதை அவர் படுத்துக்கொண்டு கேட்க வேண்டாம்.

உன் கைக்கு மட்டும்தான் தெரியும் என்றாயே, அது சரி. அம்மா கையால் அம்மாவே கேட்டால்தான் உண்டு. அவள் கேட்க மாட்டாள். நீயும் அவளைக் கேட்கச் சொல்ல மாட்டாய். அதை நான் தப்பாகச் சொல்லவில்லை. எனக்கும் அவ்வளவு தெம்பு இல்லை.

இனி அவரிடம் எதுவும் கேட்காதே. அவரும் களைத்திருப்பார், நீயும் களைத்திருப்பாய். ஐந்தாம் தேதி ஹேமநாதன் ஆட்களோடு வந்து பெட்டியை இறக்கிவிடுவார்.

மோகனா


கனகம்மாசத்திரம்,
2-3-2025

அக்காவுக்கு,

பஸ் இங்கே டீ குடிக்க நிற்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான். உன்னைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதிக் கையில் கொடுத்துவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். விடுதி விலாசத்தை ஹேமநாதன் அண்ணனிடம் வாங்கி வைத்திருந்தேன்.

இன்று காலை நைனா நன்றாக இருந்தார். முகம் துடைத்து உட்கார வைத்திருந்தேன். அம்மா கொல்லிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "இன்னாடி, விட்றி, கரும்பு வெட்ட ஆளு வந்துகினு கீறாங்க" என்றாள். நான் விடவில்லை. இழுத்துக்கொண்டு போய் நைனாவின் இடது கைக்குள் அவள் கையை வைத்துவிட்டு, இரண்டு பேரையும் தொடாமல் தள்ளி நின்றேன்.

அம்மா என்னை முறைத்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். நல்ல நாளிலேயே அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

"இன்னாங்க, என்னமோ உங்க கை பேசுதாமே. நான் மனோரமாதானே?"

ஆங் என்றார். கையும் அமுக்கியிருக்க வேண்டும். அம்மா குனிந்து பார்த்தாள்.

"நான் எல்லம்மாவா?"

ஆங் என்றார். கை அமுக்கவில்லை போலிருக்கிறது, அம்மா மறுபடி குனிந்து அவர் விரல்களைப் பார்த்தாள். அவள் முகம் மாறிவிட்டது.

பிறகு பொங்கலுக்கு முன்னால் கேட்ட அதே மாதிரிதான் கேட்டாள். "உங்க பெரிய பொண்ணு வர வேணாந்தானே?"

"ஆங்."

வாய்தான் அப்படிச் சொன்னது. அம்மா அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தாள். தூங்கிவிட்டாரோ என்று முகத்தைப் பார்த்தாள். அவர் விழித்துக்கொண்டு அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தரம் கேட்டாள், சத்தம் இல்லாமல். ஆங். கை விரிந்தே கிடந்தது. அது தள்ளி நின்ற எனக்கே தெரிந்தது.

அதன் பிறகு அவள் கேட்டது நான் யோசித்தே பார்க்காத கேள்வி.

"எம் மேல கோவமா?"

ஆங் என்றார். அம்மா 'ஸ்' என்றாள். கையை உருவப் பார்த்தாள், வரவில்லை. வளையல் அவர் விரலுக்கும் அவள் மணிக்கட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. அவர் விடவில்லை. அவளும் கொஞ்ச நேரம் கழித்து இழுப்பதை நிறுத்திவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். வாசலில் இருந்து வெட்டு ஆட்கள் கூப்பிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

நீ வரலாம் என்று அவள் சொல்லவில்லை, அக்கா. சொன்னாள் என்று நான் எழுத மாட்டேன். என்னைப் பார்க்காமலேயே, "நின்னுகினு இன்னாடி பாக்குற?" என்று மட்டும் சொன்னாள். போ என்றாளா, வேறு ஏதாவது வேலையைப் பார் என்றாளா, எனக்குத் தெரியவில்லை. திரும்பக் கேட்டிருக்கலாம்.

நான் கேட்கவில்லை. நைனாவின் மத்தியான மாத்திரையை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தேன். வெட்டு ஆட்களிடம் அம்மா வர நேரமாகும் என்று சொன்னேன். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, உன்னைக் கூட்டிப்போகச் சென்னை பஸ்ஸில் ஏறினேன்.